ஏழைக்கேத்த ரேஞ்ச் ரோவர்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா உண்மை வேற. போன மாசம் முழுக்க ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நான் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் பழைய கார் விளம்பரங்கள். அதுவும் என்ன கார்னு கேளுங்க. ரேஞ்ச் ரோவர்! சிரிக்காதீங்க மக்களே :-)

லண்டன்ல புது ரேஞ்ச் ரோவர் வாங்கணும்னா இன்னிக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல ஆகும். நான் பார்த்தது 2006 ஜனவரியில பதிவான வண்டி. 4.4 லிட்டர் பெட்ரோல் வி8 எஞ்சின், தோல் சீட், மர வேலைப்பாடு, ஏர் சஸ்பென்ஷன், எல்லாம் உண்டு. கேட்ட விலை 3,800 பவுண்டு. ஈஸ்ட் ஹாம்ல நான் குடியிருக்கிற ரெண்டு ரூம் வீட்டோட மூணு மாச வாடகையைவிடக் கம்மி! கையில சேர்த்து வச்சிருந்தது 5,000 பவுண்டு. அதுல பாதி, ஊர்ல அப்பா மாடி கட்டுறதுக்கு அனுப்பணும்னு ஒதுக்கினது. அதையும் தொட்டாத்தான் கார்.

தங்கமணிகிட்ட மெதுவா விஷயத்தை அவுத்து விட்டேன். "ஏங்க, நாலு தெரு தள்ளிப் போய் கத்திரிக்கா வாங்க இவ்ளோ பெரிய வண்டியா?" ஒரே கேள்விதான். பதில் சொல்ல முடியலை. பதில் இல்லாத நேரத்துல நான் வரலாறு படிக்கப் போயிடுவேன். பொட்டி தட்டுறவனுக்கு மூலக் காரணம் தெரியாம தூக்கம் வராது பாருங்க. புதுசுல 50,000 பவுண்டுக்கு மேல வித்த ஒரு கார் எப்படி 3,800க்கு வந்து நிக்குது? தேடிப் பார்த்தா, பதில் அந்தக் காரோட பிறப்புலயே இருக்கு.

வயல்ல பிறந்தது

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம். ரோவர் கம்பெனியோட தொழில்நுட்பப் பொறுப்புல இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சீ தீவுல அவருக்கு ஒரு பண்ணை. அங்க வேலைக்கு அவர் ஓட்டினது போர்ல மிஞ்சின அமெரிக்க வில்லிஸ் ஜீப். இதே மாதிரி நாமளே ஒண்ணு செய்யலாமேன்னு யோசனை வந்தது. அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ்தான் அப்போ கம்பெனியை நடத்திக்கிட்டிருந்தார். அப்புறம் என்ன தடை?

தடை இரும்புல இருந்தது. போருக்கு அப்புறம் பிரிட்டன்ல உருக்குக்கு ரேஷன். அலுமினியம் கிடைச்சது. அதனால பாடியை அலுமினியக் கலவையில செஞ்சாங்க. 1948 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில லேண்ட் ரோவர் வெளிய வந்தது. அச்சுக்கும் அச்சுக்கும் நடுவுல 80 அங்குலம், ஜீப்புக்கு இருந்த அதே அளவு. லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங். எஞ்சினோட சுழற்சியை வெளிய எடுத்து பண்ணை மெஷின்களையும் ஓட்டிக்கலாம். நம்ம ஊர் கணக்குல சொன்னா, டிராக்டருக்கும் காருக்கும் நடுவுல பிறந்த பிள்ளை. முதுகு வலிக்கும், ஆனா எங்கயும் மாட்டாது.

1960கள்ல வில்க்ஸ் சகோதரர்களோட மருமான் ஸ்பென் கிங், கார்டன் பாஷ்ஃபோர்ட்னு ரெண்டு இன்ஜினியர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டாங்க. அதே வண்டி வயல்லயும் போகணும், நெடுஞ்சாலையில கார் மாதிரியும் ஓடணும். முடியுமா? அவங்க கண்டுபிடிச்ச பதில் லீஃப் ஸ்பிரிங்கைத் தூக்கிட்டு நீளமா மேலயும் கீழயும் ஆடுற காயில் ஸ்பிரிங் போடுறது. சக்கரம் பள்ளத்துல இறங்கும், உள்ள இருக்கிறவன் இறங்க மாட்டான். அச்சு நீளம் 100 அங்குலம் ஆச்சு. உள்ளுக்குள்ள அந்தத் திட்டத்துக்குப் பேரே "100 அங்குல ஸ்டேஷன் வேகன்"தான்.

எஞ்சின் வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவுல ப்யூக் கார்ல 1961லேர்ந்து 1963 வரைக்கும் போட்டு, அப்புறம் கைவிட்ட அலுமினிய வி8 ஒண்ணு இருந்தது. ரோவரோட வில்லியம் மார்ட்டின் ஹர்ஸ்ட், படகு எஞ்சின் செய்யுற மெர்க்குரி மரைன் கம்பெனிக்கு வேற வேலையாப் போனப்ப, பட்டறையில அந்த எஞ்சின் கிடந்ததைப் பார்த்தார். 1965ல உரிமையை வாங்கி எடுத்துட்டு வந்துட்டாங்க. அமெரிக்காக்காரன் வேண்டாம்னு விட்ட எஞ்சின் பிரிட்டன்ல நாப்பது வருஷம் கிட்ட ஓடிச்சு. வேண்டாம்னு ஒதுக்கினது இன்னொருத்தன் கைக்கு வந்து உயிர் பெறுறது இந்த வண்டி வம்சத்துக்கே ராசி போல.

1970 ஜூன் 17 அன்னிக்கு ரேஞ்ச் ரோவர் அறிமுகம். விலை 1,998 பவுண்டு. எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கும், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 3.5 லிட்டர் வி8. டேவிட் பாஷ் உருவத்தைச் செதுக்கிக் கொடுத்தார். அந்த வடிவத்தை பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்துலயே கொண்டு போய் வச்சுக் காட்டினாங்க. ஆனா உள்ள எட்டிப் பார்த்தா? ரெக்சின் சீட், தரையில ரப்பர் விரிப்பு, ரெண்டே ரெண்டு கதவு, பவர் ஸ்டியரிங் கிடையாது. சேறு ஆச்சுன்னா குழாயை நீட்டித் தண்ணி அடிச்சுக் கழுவிக்கலாம். லூவர்ல நின்ன வண்டி, தொழுவத்துலயும் நிக்கும்!

1971 டிசம்பர்ல அலாஸ்காவுலேர்ந்து தென் அமெரிக்காவோட தெற்கு முனை நோக்கி ரெண்டு ரேஞ்ச் ரோவர் கிளம்பினது. நடுவுல பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில டேரியன் காடு. ரோடே கிடையாது, இன்னிக்கு வரைக்கும் கிடையாது. ஜான் பிளாஷ்ஃபோர்ட் ஸ்னெல் தலைமையில ராணுவக்காரங்க காட்டை வெட்டி, ஆத்துல தெப்பம் கட்டி வண்டியைக் கடத்தினாங்க. இதுக்காகப் பிறந்த வண்டியை நான் கத்திரிக்கா வாங்க எடுத்துட்டுப் போகணும்னு ஆசைப்படுறேன். தங்கமணி கேட்டதுல தப்பே இல்லை.

ஊருக்குள்ள வந்தது

ஒரே நாள்ல வரலை. படிப்படியா வந்தது. 1973ல பவர் ஸ்டியரிங். அதுக்கப்புறம் ரொம்ப நாள் பெருசா ஒண்ணும் நடக்கலை. ரோவர் அப்போ பிரிட்டிஷ் லேலண்டுக்குள்ள இருந்தது. லேலண்டோ கடன்ல மூழ்கி 1975ல அரசாங்கம் கைக்குப் போச்சு. வண்டியை மாத்தக் காசு இல்லை. பணக்காரங்களுக்கு நாலு கதவு வேணும், கம்பெனிகிட்ட இல்லை. 1980ல ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி மான்டிவெர்டி நாலு கதவு வச்சு மாத்திக் கொடுத்தது. 1981லதான் சொந்தத் தொழிற்சாலையில நாலு கதவு.

அதே 1981ல ஃபேஷன் பத்திரிகை வோக், படப்பிடிப்புக்கு ஒரு ரேஞ்ச் ரோவரை எடுத்துட்டுப் போச்சு. அதுலேர்ந்து "இன் வோக்"னு ஒரு சிறப்பு மாடல் வந்து, வோக்ங்கிற பேரே வண்டியோட ஒட்டிக்கிச்சு. பண்ணைக்கு வாங்கற வண்டிக்கு ஃபேஷன் பத்திரிகை பேர்! எனக்குத் தெரிஞ்சு கதை திரும்பின இடம் இதுதான். 1982ல ஆட்டோமேட்டிக் கியர். 1987லேர்ந்து அமெரிக்காவுல விற்பனை, அங்க தோலும் மரமும் இல்லாம கதை நடக்காது. 1992ல நீளமான எல்எஸ்ஈ மாடல்ல காயில் ஸ்பிரிங்கை எடுத்துட்டு, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற ஏர் சஸ்பென்ஷன் வந்தது. 1994ல ரெண்டாம் தலைமுறை. 2001 கடைசியில மூணாம் தலைமுறை. நான் பார்த்த வண்டி இந்த மூணாவது.

முதலாளிகளும் மாறிக்கிட்டே இருந்தாங்க. 1988ல பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994ல பிஎம்டபிள்யூ, 2000ல ஃபோர்டு, 2008ல நம்ம டாடா மோட்டார்ஸ். ஜாகுவாரையும் சேர்த்து 230 கோடி டாலர். 2006 வண்டிக்கு அதனால ஒரு விசித்திர ஜாதகம்: வடிவமைச்சது ஜெர்மன் முதலாளி காலத்துல, எஞ்சின் ஜாகுவார் வகை, வேல்ஸ்ல இருந்த ஃபோர்டு ஆலையில செஞ்சது, இப்போ கம்பெனி டாடா கையில. 2024 செப்டம்பர்ல ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல டாடா ஆலைக்கு அடிக்கல் நாட்டினப்ப, ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டியும் அங்க தயாராகும்னு சொன்னாங்க. ஆங்கிள்சீ வயல்ல ஆரம்பிச்ச கதை பனப்பாக்கம் வரைக்கும் வந்தாச்சு.

1970 வண்டி நீளம் சுமார் 4.47 மீட்டர், எடை 1.7 டன். 2006 வண்டி சுமார் 4.97 மீட்டர், எடை கிட்டத்தட்ட 2.5 டன். இங்க கார் நிறுத்தக் கோடு போடுற வழக்கமான அளவு 2.4க்கு 4.8 மீட்டர். வயலுக்குன்னு செஞ்ச பழைய வண்டி நகரத்துக் கட்டத்துக்குள்ள அழகா அடங்கும். நகரத்துக்காரனுக்குன்னு வளர்த்த புது வண்டி கோட்டைத் தாண்டி வெளிய நிக்கும். இதை விடப் பெரிய நகைச்சுவை உண்டா?

ஊருக்கும் வண்டிக்கும் சண்டை

லண்டன்காரங்க இந்த மாதிரி வண்டிக்கு வச்ச பேர் "செல்சீ டிராக்டர்". செல்சீ பணக்காரப் பேட்டை. பிள்ளையை ஸ்கூல்ல விட டிராக்டர்ல வர்றாங்களாம்! 2003 பிப்ரவரியில லண்டன் நடுப்பகுதிக்கு நெரிசல் கட்டணம் வந்தது. 2004ல அப்போதைய மேயர் கென் லிவிங்ஸ்டன், ஊருக்குள்ள இந்த வண்டிகளை ஓட்டுறவங்க முட்டாள்கள்னே சொன்னார். அதிகமா புகை விடுற வண்டிக்கு நாளைக்கு 25 பவுண்டு வசூலிக்கத் திட்டமும் போட்டார். 2008 மே தேர்தல்ல அவர் தோத்து போரிஸ் ஜான்சன் வந்ததும் திட்டம் குப்பைக்குப் போச்சு.

மேயர் சொன்னா அரசியல்னு விட்டுடலாம். அதே 2004ல ஸ்பென் கிங்கும் பேசினார். ஆமா, பெத்த அப்பன்! ஓய்வு பெத்து வீட்டுல இருந்தவர், ஸ்கூலுக்குப் பிள்ளையை விடவும் ஊருக்குள்ள சுத்தவும் இதை ஓட்டுறது முழு முட்டாள்தனம்னு பத்திரிகைக்குச் சொன்னார். அந்தஸ்து காட்டவா இதைச் செஞ்சோம்னு அவருக்கு வருத்தம். 2010 ஜூன்ல அவர் இறந்துபோனார். சைக்கிள்ல போய்க்கிட்டிருந்தப்ப ஒரு வேனோட மோதின விபத்துல பட்ட காயம். 85 வயசு. இதைப் படிச்ச அன்னிக்கு நான் விளம்பரம் பார்க்கலை. லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

விலை எப்படித் தலைகீழாச்சு

மறுநாள் திரும்பத் திறந்துட்டேன். ஆசை விடுமா?

லண்டன்ல இப்போ யூலெஸ்னு ஒண்ணு உண்டு. புகை அதிகம் விடுற வண்டி ஊருக்குள்ள ஓடினா நாளைக்கு 12.50 பவுண்டு. 2019ல நடுப்பகுதியில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 29லேர்ந்து லண்டன் முழுக்க. பெட்ரோல் வண்டின்னா யூரோ 4, டீசல்னா யூரோ 6 தரம் வேணும். பழைய டீசல் ரேஞ்ச் ரோவர் மொத்தமும் அவுட். ரோடு டாக்ஸ்ல இன்னொரு கோடு: 2006 மார்ச் 23க்கு முன்னாடி பதிவானா ஒரு உச்சவரம்பு உண்டு, அதுக்கு அப்புறம் பதிவானா அதே எஞ்சினுக்கு வருஷத்துக்கு 300 பவுண்டுக்கு மேல கூடுதல். யூரோ 4 பெட்ரோலாவும் இருக்கணும், 2006 மார்ச்சுக்கு முன்னாடியும் பதிவாகி இருக்கணும். ரெண்டு கண்டிஷனையும் சேர்த்துப் போட்டுத் தேடினா சில மாசத்து வண்டிகள்தான் தேறும். நான் பிடிச்சது அதுல ஒண்ணு. நம்பரைத் தட்டிப் பார்த்தேன், யூலெஸ் பாஸ். என்னமோ பெரிய பக்-ஐப் பிடிச்ச சந்தோஷம் எனக்கு.

ஆனா அதே சட்டத்தோட இன்னொரு முனையைப் பாருங்க. 40 வருஷம் தாண்டின வண்டியை வரலாற்று வண்டின்னு பதிஞ்சுக்கலாம். அதுக்கு யூலெஸ் கட்டணமும் இல்லை, ரோடு டாக்ஸும் இல்லை. அதாவது 1970கள்ல வந்த அந்த ரப்பர் விரிப்பு வண்டி லண்டன்ல இலவசமா சுத்தும். அதை வாங்க முடியுமா? 2017ல அதே கம்பெனி 70கள் மாடல் ரெண்டு கதவு வண்டிகளைப் புதுசு மாதிரி செஞ்சு விற்க ஆரம்பிச்சது. ஆரம்ப விலை 1,35,000 பவுண்டு!

குழாய்த் தண்ணியில கழுவுற வண்டி லட்சக்கணக்குல. தோலும் மரமும் ஏர் சஸ்பென்ஷனும் உள்ள வண்டி சில ஆயிரத்துல. முதல்ல எனக்குப் புரியலை. அப்புறம் மேலே நான் எழுதின வருஷங்களையே திரும்பப் பார்த்தேன். 1970ல இருந்த சட்டம், ஸ்பிரிங், வி8 எல்லாம் கையில ஸ்பேனர் இருந்தாப் பிரிச்சு மாட்டலாம். 1981க்கு அப்புறம் ஊர்க்காரனை இழுக்கச் சேர்த்த ஒவ்வொரு சொகுசும்தான் இன்னிக்கு முதல்ல கிழடு தட்டுது. ரப்பர்ல செஞ்ச ஏர் ஸ்பிரிங், கம்ப்ரஸர், சென்சார், கன்ட்ரோல் யூனிட். எந்தக் கம்பெனிக் காரா இருந்தாலும் இதுங்களுக்கு ஆயுசு கம்மி. விலை ஏன் விழுதுன்னா, வண்டி மட்டமானதால இல்லை. இதை வச்சிருந்தா நாளைக்கு என்ன செலவு வரும்னு சந்தை முன்கூட்டியே கழிச்சுக்குது. 3,800ங்கிறது முதல் தவணை மாதிரி. மிச்சத் தவணைக்கு பில் வந்துக்கிட்டே இருக்கும்.

போய்ப் பார்த்தேன்

இவ்வளவும் தெரிஞ்சும் ஒரு சனிக்கிழமை போனேன். தெரிஞ்ச யாழ்ப்பாணத்து மெக்கானிக் அண்ணா ஒருத்தர் கூட வந்தார். முப்பது வருஷமா இங்க கராஜ் வச்சிருக்கிறவர். வண்டி கீழ படுத்து, எழுந்து, டார்ச்சை அணைச்சுட்டு சொன்னார்:

"தம்பி, நல்லா வச்சிருக்கிற வாகனம். நான் குறை சொல்லேல்லை. ஆனா ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. கார்ட விலைதான் இறங்கியிருக்கு, சாமான் விலை இறங்கேல்லை. நாலு சில்லுக்கும் காத்துப் பை. ரப்பர்தானே, என்னைக்கோ ஒருநாள் வெடிக்கும். அண்டைக்கு உங்களிட்டைக் காசு இருக்குமோ?"

"பார்த்துக்கலாம் அண்ணா"ன்னு சொல்லிட்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

என்ன சொல்ல! வேகத்தடை மேல போனதே தெரியலை. சத்தமே இல்லை. சீட் அவ்வளவு உயரம். ஸ்பென் கிங் அதை அப்படி வச்சது பள்ளம் மேடு தெரியணும்னு. லண்டன்ல பள்ளம் ஏது? தெரிஞ்சது மனுஷங்க தலை. சிக்னல்ல நிறுத்தினப்ப பக்கத்துல பஸ் ஸ்டாப். மழைத் தூறல்ல பையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு ஒரு பையன் நின்னுக்கிட்டிருந்தான். நம்ம ஊர் மாதிரிதான் இருந்தான். மேலேர்ந்து அவனைப் பார்க்க எனக்கு நல்லா இருந்துச்சு. ஒளிக்காம சொல்றேன், நல்லாவே இருந்துச்சு. திங்கட்கிழமை காலையில அதே மாதிரி நிக்கப் போறவன் நான்தான்னு அடுத்த நொடி உறைச்சது.

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். ஊருக்குள்ள லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர். வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டர் 1.40 பவுண்டுன்னு வச்சாலும் பெட்ரோலுக்கு மட்டும் சுமார் 2,500 பவுண்டு. ஒன்றரை வருஷத்துல காரோட விலையை பெட்ரோலே தின்னுடும். டாக்ஸ், இன்சூரன்ஸ், அந்த நாலு காத்துப் பை எல்லாம் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பாட்டி சொல்லும். சுண்டைக்காய்க்கு பதிலா யானையைப் போட்டுக்கோங்க.

வாங்கலை. அப்பாவுக்கு மாடிக்கான காசை மறுநாளே அனுப்பிட்டேன், கையில இருந்தா மனசு மாறிடும்னு பயம். அடுத்த வாரம் விளம்பரத்துல "விற்கப்பட்டது"ன்னு போட்டிருந்தது. யார் வாங்கினாங்களோ, அவங்க வீட்டுல ஏறக் குழந்தைங்க இருக்கட்டும், வாசல்ல 5 மீட்டர் இடம் இருக்கட்டும்.

தங்கமணி ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் ரெண்டு பேரும் கத்திரிக்கா வாங்க நடந்தே போனோம். தெரு முனையில ஒரு பழைய ரேஞ்ச் ரோவர் பாதி நடைபாதையில ஏறி நின்னுக்கிட்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். "பார்த்தது போதும், வாங்க"ன்னா.

டிஸ்கி: இது கார் வாங்காதவன் எழுதின கார் பதிவு. உங்கள்ல யாராவது இந்த மாதிரி ஒரு கிழட்டு யானையைக் கட்டி நல்லபடியா மேய்ச்சுக்கிட்டிருந்தா, அந்தக் கணக்கையும் எழுதுங்க. மனசுக்குள்ள ஒரு ஓரத்துல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு :-)